நிலமும் நகர்கிறது
(வெள்ளி விழா அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)



அசையாப் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுக என்று கேட்டால், பத்திரம் எழுதுபவர் முதல் பள்ளிச் சிறுவன் வரை எல்லாரும் நிலத்தையே காட்டுவர். சட்டமும் நிலத்தை ‘அசையாச் சொத்து’ என்றுதான் குறிக்கிறது. ஆனால் அந்த அசையாச் சொத்து அசைகிறது. இந்திய நிலப்பரப்பு முழுவதும், மலையும் ஆறும் ஊரும் வயலும் சுமந்தபடி, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சற்றே மிகுதி. இக்கழகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, நாம் அமர்ந்திருக்கும் இந்த மண் ஒரு மீட்டருக்கும் மேல் இடம் பெயர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களின் துணையோடு இந்த நகர்வை இன்று அளந்தே காட்டுகிறார்கள்.

இந்த உண்மையை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர்? முதலில் எடுத்துச் சொன்னவரை உலகம் ஏன் அரை நூற்றாண்டுக் காலம் ஏற்க மறுத்தது? பின்னர் எதைக் கண்டு ஏற்றது? இம்மூன்று கேள்விகளையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். புவியியல் செய்தி ஒன்றைச் சொல்லிப் போவது மட்டும் என் நோக்கமன்று. ஓர் உண்மை எவ்வாறு உண்மை என்று நிலைநாட்டப்படுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் நோக்கம்.

பொருந்தும் கரைகள்

உலக வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் உடைந்த ஓட்டின் இரு சில்லுகளைப்போல ஒன்றோடொன்று பொருந்தும். 1596-ஆம் ஆண்டிலேயே வரைபட வல்லுநர் ஆபிரகாம் ஒர்டேலியஸ் இதனைக் கவனித்து எழுதினார். ஆயினும் கரைகள் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். அது ஐயத்தை எழுப்புமேயன்றிச் சான்றாகாது.

சான்றுகளைத் திரட்டியவர் ஆல்ஃபிரட் வெகனர் என்னும் ஜெர்மானிய அறிஞர். அவர் பட்டம் பெற்றது வானியலில்; தொழிலாகக் கொண்டது வானிலை ஆய்வை. 1912-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நிலவியலார் கூடிய அவையில், கண்டங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக இருந்து, பின்னர்ப் பிரிந்து விலகின என்று அவர் எடுத்துரைத்தார். 1915-இல் அதனை நூலாக வெளியிட்டார்.

அவர் காட்டிய சான்றுகள் யாவை? முதலாவது, உயிரினங்களின் கல்லெச்சங்கள். மெசோசாரஸ் என்பது நீரில் வாழ்ந்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஊர்வன இனம். அதன் எச்சங்கள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிடைக்கின்றன, வேறெங்கும் இல்லை. அச்சிறு உயிர் அட்லாண்டிக் பெருங்கடலை நீந்திக் கடந்தது என்று யார் நம்புவார்? குளோசாப்டெரிஸ் என்பது நாக்கு வடிவ இலைகளைக் கொண்ட தொன்மையான தாவரம். இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய நான்கு நிலங்களின் பாறைகளிலும் அவ்விலைகள் பதிந்து கிடக்கின்றன. 1912-இல் தென் துருவம் சென்று திரும்பும் வழியில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் பனியில் மாண்டனர். உடல் தளர்ந்து சுமையைக் குறைக்க வேண்டிய நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோகிராம் கற்களை அவர்கள் இறுதிவரை எறிந்துவிடாமல் இழுத்து வந்திருந்தனர். அக்கற்களில் இருந்ததும் இதே நாக்கு இலைதான். பனி மூடிய அண்டார்க்டிகாவிலும் ஒரு காலத்தில் இத்தாவரம் தழைத்திருந்தது என்பதற்கு அது சான்றாயிற்று.

இரண்டாவது, பனியின் தடயம். ஒடிசாவின் தால்சேர்ப் பகுதியில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் உருட்டி வந்து சேர்த்த பாறைக் குவியல்கள் உள்ளன. அதே காலத்துப் பனித் தடயங்கள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றிலும் காணப்படுகின்றன. வெயில் காயும் இந்நாடுகளில் பனியாறு எவ்வாறு வந்தது? இவையெல்லாம் அன்று தென் துருவத்தை ஒட்டி ஒன்றாய் இருந்தன என்று கொண்டால் புதிர் அவிழ்கிறது. கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை ஓரம் பார்த்துச் சேர்த்தபின், அச்சிட்ட வரிகளும் தொடர்ந்து ஓடுமாயின், அவை ஒரே தாளைச் சேர்ந்தவை என்பதில் ஐயம் ஏது? இது வெகனர் தாமே கூறிய உவமை.

தெற்கே ஒன்றாயிருந்த அப்பெருநிலத்திற்கு நிலவியலார் இட்ட பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவில் வாழும் கோண்டு என்னும் பழங்குடி மக்களின் நாட்டுப் பெயர் அது. அவர்களுடைய கோண்டி மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி. காட்டிலும் மலையிலும் வாழும் ஒரு மக்களின் பெயர், உலகத்துப் புவியியல் பாடநூல்கள் அனைத்திலும் ஒரு கண்டத்தின் பெயராக நிலைபெற்றிருப்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இருவகை மறுப்பு

வெகனரின் கொள்கைக்கு எழுந்த எதிர்ப்பு மிகக் கடுமையானது. 1926-இல் நியூயார்க் நகரில் பெட்ரோலிய நிலவியலார் கூடிய கருத்தரங்கில் பலரும் அதனைச் சாடினர். அந்த எதிர்ப்பில் இருவகை உண்டு. அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

ஒரு வகையினர் முறையான கேள்வி கேட்டனர். இத்துணைப் பெரிய கண்டங்களை நகர்த்திய விசை எது என்றனர். பூமியின் சுழற்சியும் நிலவு, கதிரவன் ஆகியவற்றின் ஈர்ப்பும் என்று வெகனர் விடையிறுத்தார். அவ்விசைகள் அப்பணிக்குச் சிறிதும் போதா என்று கணக்கிட்டுக் காட்டினார் ஆங்கிலேய அறிஞர் ஹெரால்டு ஜெஃப்ரிஸ். அந்தக் கணக்கு சரியானதே. கிரீன்லாந்து ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல் நகர்கிறது என்று வெகனர் கருதியதும் தவறாகவே முடிந்தது. உண்மையான நகர்வு ஒருசில சென்டிமீட்டரே.

மற்றொரு வகையினரோ, வானிலை பார்ப்பவருக்கு நிலத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்டனர். அவர் எங்கள் துறையினர் அல்லர் என்றனர். சொன்னதைப் பாராமல் சொன்னவரைப் பார்த்தனர். முதல் வகை மறுப்பு அறிவியலுக்கு உரம். இரண்டாம் வகை மறுப்பு அறிவியலுக்குக் கேடு. எப்பொருள் யார்யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் நெறி நம் மொழிக்குப் புதியதன்று. ஆனால் அந்நெறியைப் போற்றுவது எளிது, நடப்பது அரிது என்பதற்கு அந்தக் கருத்தரங்கே சாட்சி.

வெகனர் தம் கொள்கை வென்றதைக் காணவில்லை. 1930-இல் கிரீன்லாந்தின் நடுப்பனியில் இருந்த ஆய்வு நிலையத்திற்கு உணவும் எரிபொருளும் சேர்க்கச் சென்றார். தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று திரும்பப் புறப்பட்டவர், வழியிலேயே உயிர் நீத்தார். உடன் சென்றவர் ராஸ்மஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞர். வெகனரின் உடலை முறையாகப் பனியில் அடக்கம் செய்து, இடம் தெரியும்படி பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டுவிட்டு அவர் மேலே நடந்தார். அடுத்த ஆண்டு வெகனரின் உடல் கிடைத்தது. வில்லும்சனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வெகனரின் பெயரைச் சொல்லும்போது அந்த இளைஞரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நன்றியாகும்.

கடலடியின் சாட்சி

நிலத்தின் வழக்கு கடலுக்கடியில் தீர்க்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கப்பல்கள் ஒலியைச் செலுத்திக் கடலின் ஆழத்தை அளந்தன. அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் லமாண்ட் ஆய்வகத்தில், மேரி தார்ப் என்ற பெண்மணி அந்த எண்களை வரைபடமாக்கும் பணியில் இருந்தார். ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் ஏறுதல் அன்று தடுக்கப்பட்டிருந்தது. ஆண்கள் கடலில் சென்று அளந்து வந்தனர். அவர் மேசையில் அமர்ந்து வரைந்தார்.

1952-ஆம் ஆண்டு அவர் ஒன்றைக் கண்டார். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே வடக்கும் தெற்குமாக ஓடும் மலைத்தொடரின் உச்சியில், நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளம் இருந்தது. நிலம் அங்கே இருபுறமும் விலகுகிறது என்பது அதன் பொருள். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதனைப் ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று முதலில் ஒதுக்கினார் என்று தார்ப் பின்னாளில் எழுதியுள்ளார். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வரைந்துகொண்டேயிருந்தார். அதே ஆய்வகத்தில் கடலடி நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களை வேறொருவர் வேறொரு தாளில் குறித்துவந்தார். இரு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப் கண்ட பள்ளத்திலேயே வரிசையாக அமைந்தன. மறுத்தவரே ஏற்றுக்கொண்டார். 1957-இல் இருவர் பெயரிலும் வட அட்லாண்டிக் கடலடி வரைபடம் வெளியாயிற்று. 1977-இல் உலகக் கடல்கள் அனைத்தின் அடிப்பரப்பையும் காட்டும் வரைபடம் வந்தது.

1960-களின் தொடக்கத்தில் ஹாரி ஹெஸ், ராபர்ட் டீட்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் தனித்தனியே ஒரு விளக்கம் தந்தனர். நடுக்கடல் மலைத்தொடரின் பிளவில் கீழிருந்து பாறைக் குழம்பு எழுகிறது. குளிர்ந்து புதிய கடல்தரையாகிறது. பழைய தரை இருபுறமும் விலகுகிறது என்பதே அது.

இதற்குச் சான்று காந்தம் வடிவில் வந்தது. பாறைக் குழம்பு குளிரும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய பூமிக் காந்தத்தின் திசையை ஏற்று அப்படியே உறைந்துவிடும். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் காலந்தோறும் இடம் மாறியுள்ளன. ஆகவே கடல் விரிவது உண்மையாயின், மலைத்தொடரின் இருபுறமும் நேர்காந்தப் பட்டையும் எதிர்க்காந்தப் பட்டையும் மாறிமாறி, ஒரே வரிசையில் இருக்க வேண்டும். நெசவாளர் சேலையின் இரு கரைகளிலும் ஒரே வரிசையில் வண்ணநூல் ஓட்டியதைப்போல அவை இருந்தன. 1963-இல் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் ஆகியோர் இவ்விளக்கத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் அதே கருத்தைத் தாமாகவே எட்டிய கனடா நாட்டு லாரன்ஸ் மார்லியின் கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 1968 முதல் குளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் கடலடியைத் துளையிட்டுப் பாறைகளை எடுத்தது. மலைத்தொடரிலிருந்து விலக விலகப் பாறையின் வயது கூடிக்கொண்டே சென்றது. அத்துடன் ஐயம் தீர்ந்தது.

தட்டுகளின் இயக்கம்

1960-களின் இறுதிக்குள் டூசோ வில்சன், ஜேசன் மார்கன், டான் மெக்கென்சி முதலியோர் இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்துப் புவித்தட்டுக் கொள்கையை உருவாக்கினர். பூமியின் மேற்பகுதி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைத் தட்டுகளால் ஆனது. பெரியவை ஏழு, சிறியவை பல. கண்டமும் கடல்தரையும் இத்தட்டுகளின்மேல் அமைந்துள்ளன. கண்டங்கள் கடல்தரையை உழுதுகொண்டு செல்வதில்லை. தட்டோடு தட்டாகச் செல்கின்றன. வெகனர் காணாதது இதுவே.

விசை எங்கிருந்து வருகிறது? தட்டுகளுக்குக் கீழேயுள்ள பாறை திண்மமானதுதான். எனினும் மிகு வெப்பத்தில், நெடுங்காலத்தில், கோடை வெயிலில் தார் இளகி நகர்வதைப்போல அதுவும் மெல்ல ஒழுகும். உலையில் நீர் கொதிக்கும்போது சூடானது மேலெழுந்து குளிர்ந்தது கீழிறங்குகிறதல்லவா? அத்தகைய சுழற்சி அங்கும் உண்டு. இதனை ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1920-களின் இறுதியிலேயே கூறினார். இதனினும் வலிய விசை ஒன்றும் உண்டு. கொடியில் போட்ட ஈரத்துணியின் ஒரு பக்கம் மிகுதியாகத் தொங்கினால், அதன் எடையே மீதித் துணியையும் இழுத்துக்கொண்டு நழுவும். அதுபோல, பழைய கடல்தரை குளிர்ந்து கனத்து மற்றொரு தட்டின் அடியில் அமிழும்போது, தன் பின்னாலுள்ள தட்டு முழுவதையும் இழுத்துச் செல்கிறது.

இந்தியா ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவை விட்டு விலகத் தொடங்கியது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரைப் பிரிந்தது. பின்னர் வியத்தகு வேகத்தில் வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையே இருந்த கடலின் தரை மடிந்து இமயமாக உயர்ந்தது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், அக்கடலில் வாழ்ந்த சுருளோட்டு உயிர்களின் கல்லெச்சங்களே. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறையும் ஒரு காலத்துக் கடலடிச் சுண்ணாம்புப் பாறைதான். சென்னைக்கருகே பல்லாவரத்தில் கிடைக்கும் கருங்கல்லின் இனம் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இருப்பது, பிரிந்துபோன உறவின் அடையாளம்.

இலெமூரியாவும் நாமும்

இவ்விடத்தில் நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்றையும் ஆராய வேண்டும். கடலில் மூழ்கிய இலெமூரியாக் கண்டத்தில் தமிழர் வாழ்ந்தனர் என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். இலெமூரியா என்னும் பெயரை 1864-இல் இட்டவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார். மடகாஸ்கரின் லெமூர் என்னும் விலங்கினத்திற்கும் இந்தியாவின் விலங்குகளுக்கும் உள்ள உறவை விளக்க, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். கண்டங்கள் நகர்ந்தன என்று தெளிந்தபின் அந்த ஊகம் தேவையற்றதாயிற்று. குமரிக்குத் தெற்கே கடலடி பெரும்பாலும் எரிமலைப் பாறையாலான கடல்தரையே. செய்செல்ஸ் போன்ற சிறு கண்டத் துண்டுகள் உண்டு. ஆனால் மடகாஸ்கர் பிரிந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். மனித இனம் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்.

அப்படியாயின் கடல்கோள் பற்றிய நம் பழைய நினைவு முற்றும் பொய்யோ? அவ்வாறு கூற வேண்டியதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் பனி மிகுந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது கரையோர நிலங்கள் நீரில் ஆழ்ந்தன. சான்றுள்ளது இவ்வளவே. நமக்கு இனிக்கிறது என்பதற்காக ஒன்றை ஏற்பதும், சொன்னவர் நமக்கு அயலார் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் ஒரே நோயின் இரு முகங்கள். பிறரிடம் கேட்கும் சான்றை நம்மிடமும் கேட்கத் துணிபவனே கல்வி கற்றவன். தமிழின் பெருமைக்கு மூழ்கிய கண்டத்தின் துணை தேவையில்லை.

இரண்டு மணி நேரம்

இவ்வறிவால் எளிய மக்களுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். சுமத்திரா முதல் அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்தில், இந்தியத் தட்டு அமிழும் எல்லை முறிந்தது. காலை 6.30 மணிக்குச் சற்று முன் கடலடி எழும்பியது. அந்த அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. புவித்தட்டுக் கொள்கை உலகில் நிலைபெற்று 35 ஆண்டுகள் கடந்திருந்தன. பசிபிக் கடலில் எச்சரிக்கை நிலையம் 1949 முதலே இருந்தது. இந்தியப் பெருங்கடலில் இல்லை. நாகப்பட்டினத்துக் கரையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் யாராலும் வழங்கப்படவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007-இல்தான் தொடங்கப்பட்டது.

அதே நாளில் நடுக்கத்தின் பிறப்பிடத்துக்கு மிக அருகிலிருந்த சிமலு தீவில், ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தவர் எழுவரே. 1907-இல் அத்தீவில் நிகழ்ந்த பேரழிவைப் பாட்டிமார் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்திருந்தனர். நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அவர்கள் கற்ற பாடம். தாய்லாந்தின் ஒரு கடற்கரையில், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவு கூர்ந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கூக்குரலிட்டாள். அங்கிருந்தோர் உயிர் தப்பினர். தாலாட்டானால் என்ன, வகுப்பறையானால் என்ன? உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைந்த அறிவே உயிர் காத்தது. ஏட்டில் இருந்தும் மக்களைச் சென்றடையாத அறிவு காக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நிலநடுக்கம் எங்கெங்கு நிகழக்கூடும் என்று இக்கொள்கை காட்டும். எந்த நாளில் எந்த நேரத்தில் என்று எவராலும் சொல்ல முடியாது. நாள் குறித்துச் சொல்பவர் எவராயினும் நம்பாதீர்கள். தட்டின் எல்லைக்கு அப்பால் இருக்கிறோம் என்று அயர்ந்துவிடவும் கூடாது. 1993-இல் மராட்டியத்து லாத்தூர்ப் பகுதியில் தட்டின் நடுவிலேயே நிலம் நடுங்கியது. கனத்த கற்சுவர்கள் சரிந்து, உறங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அங்கே கொன்றது நடுக்கம் மட்டுமன்று. தாங்காத வீடும் ஆகும்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் யாரேனும் ஒரு புதிய கருத்தைச் சொன்னால், இவர் யார் என்று கேளாதீர்கள். சான்று என்ன என்று கேளுங்கள். உங்களைப் பார்த்து ‘நீ யார்’ என்று எவரேனும் கேட்டால் சோர்ந்துவிடாதீர்கள். மேரி தார்ப்பைப்போல உங்கள் வரைபடத்தை முடித்து மேசைமேல் வையுங்கள். இக்கழகத்தின் மாலை வகுப்புகளிலும் நூலகத்திலும் நீங்கள் பெறும் அறிவு உங்களோடு நின்றுவிடாமல், எழுத்தறியாத வீட்டின் அடுப்படி வரை சென்று சேர வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளில் இந்த மண் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனினும் நெடுந்தொலைவு நாம் நடந்திருக்க வேண்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன்.